எங்க கடை பைப்பும் 36 ஆயிரம் வரியும்

நான் பி.காம் இரண்டாம் வருஷம். மறைமுக வரி வகுப்பில் சார், "ஜிஎஸ்டி மாதிரியான மதிப்புக் கூட்டு வரி தன்னைத்தானே காவல் காத்துக்கொள்ளும்" என்றார். பரிட்சைக்கு எழுத நல்ல வரி. (சிலேடை தற்செயல்தான், அடிக்க வராதீங்க!)

அவர் சொன்ன கணக்கு இது. பெயிண்ட்டுக்கு 18 சதவிகிதம் வரி. கம்பெனி 100 ரூபாய்க்கு மொத்த வியாபாரியிடம் விற்கிறது, வரி 18. அவர் எங்களுக்கு 120க்குத் தருகிறார், வரி 21.60. நாங்கள் உங்களுக்கு 140க்கு விற்கிறோம், வரி 25.20. ஒவ்வொருவரும் வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினால் போதும். 18, 3.60, 3.60. கூட்டினால் அதே 25.20. மோரிஸ் லோரே என்ற பிரெஞ்சு அதிகாரியின் யோசனை இது. பிரான்சில் 1954ல் வந்தது.

அமெரிக்காவில் இப்படிக் கிடையாது. அங்கே மாநிலங்கள் போடும் விற்பனை வரி கடைசி விற்பனையில் மட்டும்தான். கடைக்காரர் "இது மறுவிற்பனைக்கு" என்று ஒரு சான்று கொடுத்தால் மொத்த வியாபாரி வரியே வாங்க மாட்டார். சுலபம்தான். ஆனால் கடைசிக் கடைக்காரர் ஏமாற்றினால் 25.20ம் போச்சு, நம்ம ஊர் முறையில் 3.60தான் போகும். தபாலிலும் இணையத்திலும் விற்கும் வெளிமாநிலக் கடைகளிடம் வரி வசூலிக்க அந்த மாநிலங்கள் பல வருஷம் திண்டாடின. 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது.

ஆக, காகிதத்தில் ஜெயிப்பது நம்ம முறைதான். வகுப்பில் நானும் தலையாட்டினேன்.

இப்போ எங்க கடைக்கு வாங்க. அப்பா வைத்திருப்பது சின்ன ஹார்டுவேர் கடை. போன வருஷம் ஒரு மொத்த வியாபாரியிடம் 2 லட்சத்துக்கு பிவிசி பைப் எடுத்தார். வரி 36,000. பணம் முழுக்க வங்கி வழியாகப் போனது, பில்லும் கையில் இருந்தது. அந்த வியாபாரி அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தன் விற்பனைக் கணக்கைப் பதிய வேண்டும். பதிந்தால் 14ஆம் தேதி எங்களுடைய 2பி பட்டியலில் அந்தப் பில் தெரியும். அதில் தெரிந்தால்தான் வரியைக் கழிக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து சட்டமே அப்படித்தான். பட்டியலைத் திறந்து பார்த்தது நான். பில் இல்லை.

அப்பா போன் போட்டார். "ஆடிட்டர்கிட்ட சொல்லிட்டேண்ணே, நாளைக்குப் போட்ருவார்." அந்த நாளை வரவேயில்லை. 20ஆம் தேதி எங்கள் கெடு. தவறினால் தாமதக் கட்டணம், வருஷத்துக்கு 18 சதவிகித வட்டி. அம்மாவின் வளையலை நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு வைத்து, ஏற்கெனவே கொடுத்த 36,000ஐ அப்பா இன்னொரு தடவை கட்டினார்.

இந்த முறையில் விற்பவரைக் கண்காணிக்கும் போலீஸ் யார் தெரியுமா? வாங்குபவர். அப்பாவுக்குப் போலீஸ் வேலை கொடுத்தாங்க, லத்தி மட்டும் கொடுக்கலை. சரக்கைக் கடனுக்குத் தருகிற ஆளிடம் எவ்வளவு குரலை உயர்த்த முடியும்?

'இணக்க முறைக்கு மாறிடுங்களேன், மொத்த விற்பனையில் 1 சதவிகிதம் கட்டினா போதுமே' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதில் வாடிக்கையாளருக்கு வரி பில் தர முடியாது. கட்டட ஒப்பந்தக்காரர்கள்தான் எங்களிடம் அதிகம் வாங்குபவர்கள். அந்தப் பில்லை வைத்து அவர்கள் வரி கழிக்க வேண்டும். அது இல்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

பழைய வாட் மட்டும் ஒழுங்கா என்றால் இல்லை. தமிழ்நாட்டில் 2007லிருந்து 2017 வரை இருந்த அதில், வெளிமாநிலச் சரக்குக்குக் கொடுத்த மத்திய விற்பனை வரியைக் கழிக்கவே முடியாது. அந்த விஷயத்தில் ஜிஎஸ்டி மேல் என்று அப்பாவே ஒத்துக்கொள்கிறார்.

நாலு மாசம் கழித்து அந்த வியாபாரி கணக்கைப் பதிந்தார். 36,000மும் எங்கள் கணக்கில் வரவானது. அடகு வட்டி 2,880ஐ எந்தப் படிவத்தில் எழுதுவது என்று சாரிடம் கேட்டேன். சிரித்தார்.

இப்போதெல்லாம் அப்பா சரக்கின் விலையை மட்டும் முதலில் கொடுக்கிறார். வரித் தொகையை 2பியில் பில் தெரிந்த பிறகுதான். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் "அப்போ சரக்கு வேற இடத்துல பாத்துக்கோங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். நல்ல பைப் அவரிடம்தான் இருக்கிறது.