கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்!

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். நெற்றி கொதித்து, உள்ளங்கால் சில்லிட்டிருந்தால் ‘இன்னும் ஏறும் போலிருக்கே’ என்று பயப்படுவோம். பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இதே போலத் தொட்டுப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்தோம் என்றால் சிரிக்காதீர்கள், சகோதரிகளே!

நாங்கள் சிவகாசிப் பக்கம். என் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் போர்மேன். மூத்த பையன் வீட்டிலிருந்தே காலண்டர் படங்கள், பட்டாசுப் பெட்டி லேபிள்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் தயார் செய்து அச்சகங்களுக்குக் கொடுக்கிறான். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதனால் ஆனி மாதம் முழுக்க அவனுக்குத் தூக்கம் கிடையாது. என் வளையல்களை அடகு வைத்துத்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தான். 2017-ல் வந்த இன்டெல் ஐ7-8700கே பிராசஸர். அதைக் குளிர வைக்கத் தண்ணீர்க் குழாய் அமைப்பு. வேலை செய்து கடனை அடைத்துக்கொண்டிருந்தான்.

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது அது படுத்துக்கொண்டது. சும்மா திறந்து வைத்தாலே உஷ்ணம் 80 டிகிரி. பெரிய படம் ஒன்றைத் திறந்தால் 99, 100 என்று ஏறி, ஆமை வேகத்தில் ஊர்ந்து, பட்டென்று அணைந்துவிடும்.

கடைக்கு எடுத்துப் போனான். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “பிராசஸர் போச்சு தம்பி. போர்டோட மாத்தணும், முப்பதாயிரம் ஆகும்” என்றார்களாம். வாடிய முகத்தோடு வந்து, “ம்மா, அந்தச் சங்கிலி...” என்று இழுத்தான். அது சின்னவளுக்கென்று வைத்திருப்பது.

“சங்கிலி இருக்கட்டும்ப்பா. இது எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல எனக்குச் சொல்லு” என்றேன். நான் பிளஸ் டூவோடு நின்றவள். ஆனாலும் முப்பதாயிரம் என்றால் கேட்கத்தானே வேண்டும்!

அவன் பெட்டியைத் திறந்து காட்டினான். பிராசஸர் மேல் மெல்லிய பசை. அதன் மேல் ஒரு செப்புத் தகடு, தகட்டோடு ஒட்டினாற்போல் சின்ன பம்ப். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் ரேடியேட்டருக்குப் போகின்றன. லாரி முகப்பில் இருக்குமே, அதன் குட்டி! அதன் மேல் ஃபேன். தண்ணீர் தானாக எதையும் குளிர வைப்பதில்லை. தகட்டில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான். வீடு கட்டும் இடத்தில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒருத்தி கை ஓய்ந்தால் வரிசையே நின்றுபோகும். இங்கே கை ஓய்ந்தது யார் என்பதுதான் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, சுழலும் ஃபேனில் விரல் படாமல் குழாய்களையும் ரேடியேட்டரையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாமே நன்றாகச் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது, ஃபேனோ தூசியோதான் காரணம். பிராசஸர் எடுத்த எடுப்பில் 100-க்குத் தாவியும் இரண்டு குழாய்களும் குளுமையாகவே இருந்தால், பசை காய்ந்திருக்கலாம், அல்லது தகடு சரியாக அமரவில்லை. ஒரு குழாய் சுட்டு, மற்றதும் ரேடியேட்டரும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம்.

எங்களுடையது மூன்றாவது ரகம். “நெத்தி கொதிக்குது, காலு சில்லுங்குதுடா!” என்றேன். பையன் பயாஸ் திரையில் பம்ப் வேகத்தைப் பார்த்தான்: பூஜ்யம். மின்சாரத்தை அணைத்து, பம்ப் வயரைக் கழற்றி வேறு சொருகியில் மாட்டிப் பார்த்தோம். அப்போதும் பூஜ்யம். பம்ப் மேல் விரல் வைத்தால் சின்ன அதிர்வுகூட இல்லை. பம்ப்தான் செத்திருந்தது!

பிராசஸருக்கு ஒன்றுமே இல்லை. சூடு ஏறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும், எல்லை தாண்டினால் அணைந்துவிடுவதும் அது தன்னைக் காத்துக்கொள்கிற வழி. இந்த ரகத்துக்கு எல்லை 100 டிகிரி. (2022-ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7000 வகைகள் 95 டிகிரி வரை போய் வேலை செய்யும்படியே செய்யப்பட்டவையாம். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துப் பதறவும் கூடாது.)

மறுபடி தண்ணீர் அமைப்பே வாங்கலாம் என்றான் பையன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரானாலும் காற்றானாலும் சூட்டை இந்த அறையில்தானே இறக்கியாக வேண்டும்? அறையே 37 டிகிரியில் கிடக்கும்போது தண்ணீர் அதற்குக் கீழே எப்படிக் குளிரும்? அதோடு, சீல் வைத்த அமைப்பிலும் குழாய் வழியாக நீர் மெல்ல மெல்லக் குறையுமாம். குறைந்தால் போர்த் தண்ணீரை ஊற்றலாமே என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்! நம் பக்கத்து உப்புத் தண்ணீர் குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது தெரியும் அல்லவா? தகட்டுக்குள் இருக்கும் வழிகள் முடி போல மெல்லியவை.

இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பெரிய ஃபேன் வைத்த காற்றுக் கூலர் வாங்கி, பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசை வைத்து மாட்டினான். கனமான வேலையின்போதும் 80-ஐத் தாண்டவில்லை. அவன் அப்பாவும் ஒரு யோசனை சொன்னார். ஆலையில் மருந்து கலக்குகிற வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். “பெரிய படத்தையெல்லாம் நீயும் விடியக்காலையிலயே ஓட்டிரு தம்பி. மத்தியானம் சின்ன வேலையைப் பாரு” என்றார். அப்படிச் செய்ததில் இன்னும் ஐந்தாறு டிகிரி குறைந்தது.

ஆல்பம் நாள் தவறாமல் போய்விட்டது. இப்போது மாதம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் நானே தூசி தட்டுகிறேன். ஆடிக் காற்றில் வருகிற மண்ணும், பையன் அச்சகத்திலிருந்து கொண்டுவருகிற காகிதப் பொடியும் கொஞ்சமா நஞ்சமா! கழற்றிய ரேடியேட்டரைப் பழைய சாமான்காரரிடம் போடப் பார்த்தேன். சின்னவள் விடவில்லை, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வேண்டுமாம்.