இரண்டு குறைவு

பேஸ்பால் ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. கிரிக்கெட்டே எனக்கு அரைகுறை. ஆனாலும் ஹாங்க் கிரீன்பர்க் என்ற அமெரிக்க ஆட்டக்காரரை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன். கதை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். 1911-ல் நியூயார்க்கில் பிறந்த பிள்ளை ஆறடிக்கு மேல் வளர்ந்து நின்றான். தட்டைப் பாதம், வேகமாக ஓட வராது. அவனுக்கென்றே இருந்தது போல ஓர் இடம், முதல் பேஸ். பந்தை அடித்தவன் அந்தத் தளத்தை நோக்கித்தான் ஓடி வருவான். அங்கே நிற்கிறவர் ஒரு காலைத் தளத்தில் ஊன்றி, உடம்பை நீட்டி, மற்றவர்கள் எறியும் பந்தை அவன் வந்து சேருமுன் பிடிக்க வேண்டும். நெட்டையாயிருப்பது அங்கே சௌகரியம்.

சொந்த ஊர்க் குழுவான யாங்கீஸ் கூப்பிட்டது. ஆனால் அங்கே முதல் பேஸில் லூ கெரிக் நின்றுகொண்டிருந்தார். மலை மாதிரி மனிதர். அவர் நகரப்போவதில்லை என்று கணக்குப் போட்டுவிட்டு, கிரீன்பர்க் டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவில் சேர்ந்தார். இருபது வயது நிரம்பாத பையனுக்கு இந்த நிதானம்! 1933-ல் இடம் நிலைத்தது. 1935-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1936-ல் மணிக்கட்டு முறிந்து, பன்னிரண்டு ஆட்டத்தோடு சரி.

என் கதைக்கு நான் எடுத்துக்கொண்டது 1938-ஆம் வருஷம். ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் என்று பேப் ரூத் 1927-ல் வைத்த சாதனை. கிரீன்பர்க் 58 அடித்துவிட்டார். இன்னும் ஐந்து ஆட்டம் பாக்கி. ஒன்றுகூட விழவில்லை. கடைசி நாள் கிளீவ்லாந்தில் இரண்டு ஆட்டம். முதலாவதில் பாப் ஃபெல்லர் என்ற பத்தொன்பது வயதுப் பையன் பந்து வீசிப் பதினெட்டுப் பேரை வெளியேற்றினான். இரண்டாவது ஆட்டத்தை இருட்டிவிட்டது என்று பாதியிலேயே முடித்துவிட்டார்கள்.

‘யூதன் ரூத்தைத் தாண்டக் கூடாது என்று அடிக்க முடியாத பந்தாகவே வீசினார்கள்’ என்று ஊரில் பேச்சு. மைதானங்களில் அவர் பிறப்பைச் சொல்லி ஏசியது உண்மை. ஆகவே வில்லன் தயார், என் கதையும் தயார் என்று மகிழ்ந்தேன். ஆனால் சம்பந்தப்பட்ட மனிதரோ அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. சதியுமில்லை, ஒன்றுமில்லை, தன்னால் அடிக்க முடியவில்லை என்றுவிட்டார்.

பேனாவை மூடி வைத்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையின் நாவல் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு ஆசிரியரின் வேண்டியவருக்குப் போயிற்று என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அன்று ராத்திரி அந்த நாவலைப் பரணிலிருந்து எடுத்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் எனக்கே தூக்கம் வந்துவிட்டது.

1940-ல் இன்னொரு சோதனை. ரூடி யார்க் என்பவருக்கு இடம் வேண்டுமென்பதால், முதல் பேஸை விட்டு இடது மைதானத்துக்குப் போகச் சொன்னார்கள். ஏழு வருஷம் நின்ற இடம்! நானாயிருந்தால் ராஜிநாமாக் கடிதம் எழுதியிருப்பேன். அவர் கூடுதல் பணம் பேசி வாங்கிக்கொண்டு, புதிய வேலையைப் பாலபாடத்திலிருந்து கற்றார். குழு லீகில் முதலிடம் பெற்றது. அவருக்கு மறுபடியும் அதே விருது.

1941 மே 6 அன்று இரண்டு ஹோம் ரன் அடித்தார். மறுநாள் ராணுவம். வருஷத்துக்கு 55,000 டாலர் வாங்கியவருக்கு மாதம் 21 டாலர். வயது வரம்பைக் காட்டி டிசம்பர் 5-ல் விடுவித்தார்கள். இரண்டே நாளில் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. கதையில் இப்படி எழுதினால் செயற்கை என்பீர்கள். யாரும் கூப்பிடாமலே திரும்பப் போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன்.

“அப்புறமாவது அறுபதைத் தொட்டாரா?” என்றாள்.

“இல்லை. 1945 ஜூலையில்தான் மைதானத்துக்கு வந்தார். முப்பத்து நாலு வயது. வந்த அன்றைக்கு ஒன்று அடித்தார்.”

“ஒன்றா?” என்று கேட்டுவிட்டு, அந்த நாவலைப் பரணில் போடலாமா, வெளியிலேயே இருக்கட்டுமா என்றாள்.