ஸ்லாட்டில் பொருந்துவதும் சேர்ந்து ஓடுவதும்

பழைய சன் சர்வர்களைச் சரிசெய்பவர்களிடம் தவறாமல் வரும் கேள்வி இது: "ரெண்டு ப்ராசஸர் மாட்யூல் கிடைச்சிருக்கு சார், ரெண்டையும் போட்டா ஓடுமா?" என்ன மாட்யூல் என்று கேட்டால், எஸ்எம்50 ஒன்று, எஸ்எம்61 ஒன்று என்பார்கள். ஓடாது. அதைச் சொல்ல ஒரு நொடி போதும், காரணம் சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

1991இல் வந்த 600எம்பி சர்வர்களிலும், பிறகு வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 10, 20 இரண்டிலும் ப்ராசஸர் மதர்போர்டில் ஒட்டியிருக்காது. தனிச் சிறு போர்டில் உட்கார்ந்து, எம்பஸ் என்ற பொது இணைப்பில் சொருகப்படும். யார் செய்த ப்ராசஸரானாலும் அந்த ஸ்லாட்டில் உட்காரும். நல்ல யோசனைதான். ஆனால் வம்பும் அங்கேயேதான் ஆரம்பம்: ஸ்லாட் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதால், கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஓட்டலாம் என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள்.

முதலில் பெயரைப் படிக்கப் பழக வேண்டும். எஸ்எம் என்பதற்குப் பின் வரும் முதல் இலக்கம் ஏறத்தாழ வேகத்தைச் சொல்லும். எஸ்எம்61 என்றால் 60 மெகாஹெர்ட்ஸ். எஸ்எம்71 என்றால் 75, எஸ்எம்81 என்றால் 85. கடைசி இலக்கம்தான் முக்கியம். சூப்பர்ஸ்பார்க் மாட்யூல்களில் அது 1 என்றால் சிப்புக்கு வெளியே ஒரு மெகாபைட் கேஷ் உண்டு. 0 என்றால் இல்லை. கேஷ் உள்ள மாட்யூலில் தனி கன்ட்ரோலர் சிப் நடுவில் நிற்பதால், ப்ராசஸர் பஸ்ஸின் வேகத்தைச் சாராமல் தன் வேகத்தில் ஓடும். கேஷ் இல்லாததற்கு அந்த வசதி கிடையாது, பஸ் ஓடும் வேகத்தில்தான் ஓடியாக வேண்டும். எஸ்எம்50ஐ ஸ்பார்க்ஸ்டேஷன் 20இல் போட்டால் 50இல் ஓடும். 40 மெகாஹெர்ட்ஸ் பஸ் உள்ள ஸ்பார்க்ஸ்டேஷன் 10இல் போட்டால் 40தான். பெட்டியைத் திறந்து லேபிளைப் பார்த்து 50 என்று எழுதி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்த இரண்டு ரகத்தையும் ஒன்றாகப் போட முடியாததற்குக் காரணம் வேகத்தைவிட ஆழமானது. வெளிக் கேஷ் இல்லாத மாட்யூலில், சிப்புக்குள் இருக்கும் 16 கிலோபைட் டேட்டா கேஷ், மாறிய மதிப்பை உடனே வெளியே அனுப்பாமல் தன்னிடமே வைத்திருந்து பிறகு எழுதும். வெளிக் கேஷ் உள்ள மாட்யூலில் அதே உள்கேஷ் எழுதும் ஒவ்வொரு மதிப்பையும் உடனே வெளியே தள்ளிவிடும். மற்ற ப்ராசஸர்களோடு கணக்குப் பார்க்கும் பொறுப்பு கன்ட்ரோலருடையது. சிப் ஒன்றுதான், வேலை செய்யும் முறை இரண்டு. பூட் ஆகும்போது கெர்னல் ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு எல்லா ப்ராசஸர்களையும் அதன்படிதான் நடத்தும்.

ராஸ் நிறுவனத்தின் ஹைப்பர்ஸ்பார்க் இன்னும் வேறு சாதி. அதன் கேஷ் மெய்நிகர் முகவரியால் தேடப்படும், சூப்பர்ஸ்பார்க்குடையது நிஜ முகவரியால். அதனால் இரண்டையும் கலப்பது என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஹைப்பர்ஸ்பார்க் போட வேண்டுமானால் மாட்யூலை வாங்குவதற்கு முன்பே பூட் ப்ராமின் பதிப்பைப் பாருங்கள். 2.25 இருந்தால் கவலை இல்லை. பழைய ப்ராம் அந்த ப்ராசஸரை அடையாளமே காணாமல் போகலாம், திரையில் ஒன்றும் வராது, பாவம் மாட்யூல்தான் செத்துப்போனதாகப் பழி சுமக்கும்.

எஸ்எம்51ஐயும் எஸ்எம்61ஐயும் சேர்த்தால்? இரண்டிலும் கேஷ் உண்டு, பெரும்பாலும் ஓடும். வேலை நடக்கும் இடத்தில் நான் அப்படிப் போட்டுக்கொடுக்க மாட்டேன்.

சொருகும்போது மாட்யூலின் ஒரு மூலையை மட்டும் அழுத்தாதீர்கள். கனெக்டரின் நேர் மேலே இரண்டு கட்டை விரலையும் வைத்துச் சமமாக அழுத்த வேண்டும், பிறகுதான் ஸ்க்ரூ. ஸ்க்ரூவை முறுக்கியே மாட்யூலைக் கீழே இறக்கப் பார்த்தால் போர்டு வளையும். ஓகே ப்ராம்ட் வந்ததும் 'மாட்யூல்-இன்ஃபோ' என்று அடித்தால் பஸ் வேகமும் ஒவ்வொரு ப்ராசஸரின் ரகமும் வேகமும் தெரியும். சோலாரிஸ் ஏறியபின் 'பிஎஸ்ஆர்இன்ஃபோ' கொடுங்கள். ப்ராம் இரண்டைக் காட்டி சோலாரிஸ் ஒன்றைக் காட்டினால், மாட்யூலைக் கழற்றும் முன் ஓஎஸ் பதிப்பைப் பாருங்கள். ஸ்பார்க்ஸ்டேஷன் 10, 20க்கு சோலாரிஸ் 9தான் கடைசி, சோலாரிஸ் 10இல் இடமில்லை. நெட்பிஎஸ்டி இன்றும் ஓடும்.

என்விராம் சிப்புக்குள் இருக்கும் பேட்டரியையும் மறக்கக் கூடாது. அது தீர்ந்தால் ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட் ஐடி, பூட் அமைப்புகள் எல்லாம் போகும். அதன் குழப்பத்தை ப்ராசஸர் கோளாறு என்று எண்ணி மாட்யூல் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1995இல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தை ரெண்டர் செய்ய பிக்ஸார் 117 ஸ்பார்க்ஸ்டேஷன் 20களை அடுக்கிவைத்தது: 87இல் இரண்டிரண்டு ப்ராசஸர், 30இல் நான்கு நான்கு. நான்கு ப்ராசஸரை அந்தத் தட்டைப் பெட்டிக்குள் அடைத்தால் சூடு லேசுப்பட்டதல்ல. ஃபேன் தூசியைத் துடைக்காமல் இதில் இறங்காதீர்கள்.

வாங்குவதானால் ஜோடியாக, போர்டில் 501 என்று தொடங்கும் பாகம் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி வாங்குங்கள். விற்பவர் எண்ணின் படம் அனுப்ப மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.