மாளாவின் யூதர் கல்லறைகள்

கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்திலுள்ள சிறிய ஊர் மாளா. யூதர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தார்கள். வீட்டில் மலையாளம் பேசினார்கள், தொழுகைக்கூடத்தில் எபிரேயத்தில் பிரார்த்தித்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணங்களில் பாடியதும் மலையாளப் பாட்டுகளைத்தான்.

1948-ல் இஸ்ரேல் உருவானது. 1955-ல் மாளாவின் யூதர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். கிளம்பும் முன் தொழுகைக்கூடத்தையும் கல்லறை நிலத்தையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள். கல்லறைகளைப் பாதுகாக்க வேண்டும் என்று ஒப்பந்தமும் எழுதிக்கொண்டார்கள்.

இறந்தவர் உறங்கும் மண் என்றென்றைக்கும் அவருக்கே சொந்தம் என்பது யூதர்களின் மரபு. அதைத் தோண்டுவதோ, வேறு வேலைக்குப் பயன்படுத்துவதோ கூடாது. ஆனால், பல ஏக்கர் பரப்புள்ள அந்த நிலத்தின் ஒரு பகுதியில் விளையாட்டரங்கம் எழுந்தது. இன்று கண்ணுக்குத் தெரிவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில கல்லறைகள் மட்டுமே. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஒரு கல் என்ன சொல்லிவிடும் என்று கேட்பவர்கள் பக்கத்திலுள்ள சேந்தமங்கலத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். இஸ்ரவேல் என்பவரின் மகள் சாராவின், 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறைக்கல் அங்கே இருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் ஒரு யூதப் பெண் வாழ்ந்து மறைந்தாள் என்பதற்கு அந்தக் கல்தான் சாட்சி.

உங்கள் ஊரிலும் கவனிக்க ஆளில்லாத பழைய கல்லறைகள் இருக்கலாம். அவற்றின் எழுத்துகளைப் படமெடுத்து வையுங்கள். கல் பெயர்க்கப்பட்டால் தட்டிக் கேளுங்கள். உறவினர் தொலைவில் இருக்கும்போது, காப்பது ஊரின் கடமை.