கதைமாந்தரும் புணர்ச்சி விதியும்

மென்பொருள் எழுதுவோரிடையே நெடுங்காலமாக இரண்டு மரபுகள் வழங்கி வருகின்றன. ஒன்று பொருள்நோக்கு நிரலாக்கம். அவர்கள் பேச்சில் 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்'. மற்றொன்று 'ஃபங்ஷனல் புரோகிராமிங்'. பள்ளிக் கணக்கில் சார்பு என்று படித்தோமே, அந்தச் சார்பின்மேல் எழுந்தது. தமிழ் கற்பிப்பவனுக்கு இவற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சில மாணவர்களின் மதிப்பெண் இந்த வழக்கில் சிக்கிக்கொண்டதைப் பார்த்தவன் என்ற ஒரு தகுதிதான் எனக்கு உண்டு.

முதல் மரபின் ஊற்று நார்வே நாட்டில் இருக்கிறது. உலக நடப்புகளைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்காக ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் 1960களில் சிமுலா என்ற மொழியை ஆக்கினர். 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் கேயும் அவரது குழுவினரும் ஸ்மால்டாக் மொழியில் அக்கருத்தை விரித்தெடுத்தனர். 'ஆப்ஜெக்ட்' என்பதை நான் நாவலின் கதைமாந்தராகவே புரிந்துகொள்கிறேன். அதற்கெனத் தனி நினைவு உண்டு. அந்நினைவை வேறெவரும் நேரே தொட இயலாது. கேட்டால் விடை சொல்லும். நேற்று நிகழ்ந்ததை மறவாதிருப்பதால், அதே கேள்விக்கு இன்று வேறு விடை சொல்லவும் கூடும்.

இரண்டாம் மரபின் வேர் அலோன்ஸோ சர்ச் 1930களில் வகுத்த லாம்டா கணிதம். அதன் சாயலை ஏற்று, ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப் மொழி வளர்ந்தது. ஃபோர்ட்ரான் மொழியை ஆக்கிய குழுவின் தலைவரான ஜான் பேக்கஸே 1977இல் தமது டூரிங் விருதுப் பேருரையில், நினைவகத்து மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றி வைக்கும் பழைய முறையைச் சாடிச் சார்பு வழியை முன்வைத்தார். இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது புணர்ச்சி விதி. மரம், வேர் என்ற இரு சொற்களைக் கொடுத்தால் மரவேர் கிடைக்கிறது. யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும் அதே விடைதான். மரவேர் பிறந்தபின்னும் மரம் என்ற சொல் மகரம் கெடாமல் அகராதியில் அப்படியே இருக்கிறது. பழையதை அழிக்காமல் புதியதைப் பெறுவது. சார்பு வழியின் சாரம் இதுவே.

எங்கள் கல்லூரியில் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைத் தொகுக்க ஒரு நிரல் பயன்பட்டு வந்தது. ஒரு பருவத்தில், திங்களன்று 18 என்றிருந்த தன் மதிப்பெண் புதனன்று 21 ஆகியிருப்பதைக் கண்டு ஒரு மாணவி என்னிடம் வந்தாள். "நடுவுல நான் எதுவுமே எழுதலையே ஐயா, இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். கூடியிருப்பதைச் சொல்ல வந்தவள் அவள் ஒருத்திதான்.

கணினித் துறை நண்பர் நிரலைத் திறந்து பார்த்தார். பட்டியலைக் காட்டும் பகுதிக்குள்ளேயே, வருகைக்கான மதிப்பெண்ணை மொத்தத்தோடு கூட்டிச் சேமிக்கும் வரி ஒன்று இருந்தது. அவளுக்குத் தேர்விலும் ஒப்படைப்பிலும் சேர்த்து 15, வருகைக்கு 3. முதல்முறை பார்த்தபோது 18, மறுமுறை 21. எங்கள் துறைத்தலைவர் எதையும் இருமுறை சரிபார்ப்பவர். அவர் கவனத்தின் பயனாக எங்கள் மாணவர்கள் உயர்ந்துவிட்டனர். பட்டியலை ஒரே முறை எடுத்த துறையினர் பின்தங்கினர். அந்த வாரம் இம்மதிப்பெண்களைக் கொண்டு ஓர் அறக்கட்டளைப் பரிசு முடிவாக இருந்தது.

அந்த நிரல் பொருள்நோக்கு முறையில்தான் எழுதப்பட்டிருந்தது. வெளியிலிருந்து எவரும் மதிப்பெண்ணைத் தொட முடியாது. ஆனால் பிழை பூட்டிய வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது; பூட்டு அதை மறைத்ததுதான் மிச்சம். இதற்காக அம்மரபைக் குறைசொல்வது நேர்மையன்று. கேள்வி வேறு, கட்டளை வேறு. விடை சொல்லும் பகுதி எதையும் மாற்றக்கூடாது என்று பெர்ட்ரண்ட் மேயர் 1988இலேயே தம் நூலில் வற்புறுத்தியிருக்கிறார். நண்பர் மொத்தத்தைச் சேமிக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டார். தேர்வு, ஒப்படைப்பு, வருகை மூன்றும் இட்டபடியே இருக்கும். மொத்தம் கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடப்படும். நூறு முறை பார்த்தாலும் 18தான். பரிசு வேறொரு துறை மாணவருக்குப் போயிற்று.

சார்பு வழியே முழு விடை என்றும் சொல்வதற்கில்லை. மறுதேர்வு எழுதினால் மதிப்பெண் மாறத்தான் வேண்டும். எங்கோ ஓரிடத்தில் அந்த மாற்றத்தைப் பதிந்துதான் ஆகவேண்டும். அதனால்தான் பொருள்நோக்கு மொழியான ஜாவாவும் 2014இல் லாம்டாவைத் தன்னுள் ஏற்றது. கணக்கிடும் இடத்தை மாறாததாக வைத்து, மாற்றத்தை ஓரத்தில், எல்லோரும் காணும் ஒரே வாசலில் நிறுத்துவது இன்று பலரும் கைக்கொள்ளும் நடுவழி.

கதைமாந்தர் மாறுவதால்தான் நாவல் நாவலாகிறது. விதி மாறாதிருப்பதால்தான் இலக்கணம் இலக்கணமாகிறது. மதிப்பெண்ணும் ஓய்வூதியமும் கடன் கணக்கும் நிரல்களின் கைக்குப் போய்விட்ட காலத்தில், எது கதையாகலாம், எது இலக்கணமாகவே இருக்கவேண்டும் என்று பிரித்தறிவது நிரலாளரின் நுட்பம் மட்டுமன்று. முன்பின் தெரியாத ஒருவருக்கு அவர் செய்யும் நீதியும்கூட.