டேப்பை எங்கே வைப்பது?

தருமபுரி கோட்டை மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில். நுளம்பர் காலத்து மண்டபம். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே கல்தரை சில்லென்று இருக்கிறது.

காலேஜ் பிள்ளைகள் மூவர் ஒரு தூணின் உயரத்தை அளக்கிறார்கள். ஒருத்தி கையில் இரும்பு டேப்பு, ஒருவனிடம் செல்போன், இன்னொருவனிடம் நோட்டு.

"பீடத்தச் சேக்கணுமா, வேணாமா?"

"ரெண்டும் எழுதுடா."

சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை. உத்தரத்தைத் தாங்கும் போதிகை வரை ஒருமுறை, அதற்குக் கீழே பலகையோடு நிறுத்தி ஒருமுறை. தேடுவது தங்க விகிதத்தை: 1.618. டேப்பின் நுனி நகரும்போதெல்லாம் செல்போன் வேறு எண் காட்டுகிறது. நெருங்கி வரும் எண்ணுக்கு மட்டும் அடிக்கோடு போடுகிறான் நோட்டுக்காரன்.

அந்த அடிக்கோடுதான் எனக்கு வலிக்கிறது. யூக்ளிட் அறிந்த விகிதம்தான் அது. அதையே அழகின் விதியாக்கி அடால்ஃப் சைசிங் என்ற ஜெர்மானியர் எழுதியது 1854இல். இந்தத் தூணைச் செதுக்கியவன் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவன். நம் சிற்ப நூல்களின் கணக்கு முழு எண்களில் நடக்கிறது. ஒரு தாலம் 12 அங்குலம். நவதால உருவம் 108, உத்தம தசதாலம் 124. அந்த அங்குலமும் கடையில் வாங்கும் ஸ்கேலில் கிடைக்காது. உருவத்தின் உயரத்தையே பகுத்து எடுப்பது. சிலை பெரிதானால் அதுவும் பெரிதாகும். போதிகையின் அளவையும் தூணின் அகலத்தைக் கொண்டே வகுக்கிறது மயமதம் என்ற நூல்.

இவர்கள் இன்னும் தூணின் அகலத்தை அளக்கவே இல்லை. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

காமாட்சியம்மனைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் உள்ளே நுழைகிறது. பையன் நேராக, தரையில் பதியாத 'தொங்கும் தூணு'க்கு ஓடி, அடியில் காகிதத்தை நுழைத்து இழுக்கிறான். "வருதும்மா!"

டேப்புக்காரி அங்கே போய் மண்டியிட்டுப் பார்க்கிறாள்.

"இது கீழ பதியலன்னா மேல இருக்கற பாரத்த யாருடா தாங்கறது?"

பதில் இல்லை. அண்ணாந்து உத்தரத்தைப் பார்க்கிறாள். விரலை நீட்டி, அது போகும் வழியே நடந்து, பக்கத்துத் தூணில் கை வைக்கிறாள். அப்புறம் டேப்பைக் குறுக்கே பிடிக்கிறாள்.

"அகலத்த எழுதிக்கோ. இத ஒண்ணுன்னு வெச்சுப்போம். ரெண்டு தூணுக்கும் நடுவுல இப்பிடி எத்தன வருதுன்னு பாக்கலாம்."

"அப்ப 1.618?"

"அது அப்பறம்."