பிணைக் கையொப்பம்

மலர்க் குழுவினர் கல்லூரி நினைவுகளை எழுதித் தருமாறு எம்மைக் கேட்டனர். விடுதிச் சாம்பாரின் நீர்மை பற்றியும், அதிபரின் பிரம்பு பற்றியும், விளையாட்டுப் போட்டியில் இல்லங்களுக்கிடையே மூண்ட பூசல்கள் பற்றியும் எம்மினும் சுவைபட எழுதவல்லார் பலர் உளர். ஆதலின் அவற்றை அவர்களுக்கே விட்டு, கல்லூரியை விட்டு நீங்கி முப்பதாண்டுகளுக்கு மேலான பின்னர் அக்கல்லூரி எமக்குச் செய்த உதவியொன்றை எழுதத் துணிந்தோம். அவ்வுதவி கல்லூரிக் கட்டடத்தாலோ நூலகத்தாலோ வந்ததன்று. விடுதியில் எமக்கு அடுத்த கட்டிலிற் படுத்த தோழர் ஒருவரின் கையொப்பத்தால் வந்தது.

எமதூர் பாலமுனை. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடைப்பட்ட கடலோரச் சிற்றூர். கிழக்கே கரைவலை, மேற்கே வயல். இவ்விரண்டுமே ஊரின் சோறு. வயலில் இறங்குவோர் முழங்கால் வரை சேற்றில் நிற்பர். காலிற் கீறல் விழுந்தால் அதைக் காயமென்று எவரும் எண்ணுவதில்லை. ஊரில் நடுவயதைக் கடந்தோர் பலருக்கு நீரிழிவும் உண்டு. இவ்விரண்டு செய்திகளையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவினரான விவசாயி ஒருவர் மாரி காலத்திற் காய்ச்சலுற்றார். இருமலும் மெலிவும் கூடின. நெஞ்சுப் படத்தைக் கண்டு காசநோய் என்றனர். சளியிற் காசக்கிருமி அகப்படவில்லையெனினும் காசநோய்க்கே மருந்து கொடுத்தனர். மாதங்கள் சென்றும் காய்ச்சல் இறங்கவில்லை. ஈரலிற் சீழ்க்கட்டி தோன்றியது. பிறிதோர் ஊர் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்த்து, மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றே காரணம் என்றும், நோயின் பெயர் மெலியோய்டோசிஸ் என்றும் கூறினர். பெயர் கிடைத்த மூன்றாம் நாள் அவர் மௌத்தானார். மருத்துவர்களைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அறியாத ஒன்றைத் தேட எவராலும் இயலாது.

இந்நோயை முதலில் விவரித்தவர் இரங்கூனில் நோய்க்குறி ஆய்வாளராயிருந்த விற்மோர் என்பார். 1911இற் கண்டு 1912இல் வெளியிட்டார். அவருடன் இணைந்து அக்கட்டுரையை எழுதியவர் கிருஷ்ணசாமி என்பவர். நோய்க்கு விற்மோரின் பெயரை வைத்தது உலகம், கிருஷ்ணசாமியை மறந்தது. (ஆராய்ச்சி உலகில் இரண்டாம் பெயராய் நிற்போரின் விதி இது போலும்.) இலங்கையில் 1927ஆம் ஆண்டிற் கொழும்பில் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகரிடம் இந்நோய் காணப்பட்டது. அதற்குப் பின் ஏறத்தாழ எண்பதாண்டுகள், எப்போதோ ஒன்றிரண்டு பேரைத் தவிர, இந்நாட்டில் இந்நோய் இல்லை என்பது போலவே இருந்தது. 2006ஆம் ஆண்டின் பின்னர் முறையாகத் தேடத் தொடங்கியபோதோ மாவட்டந்தோறும் அகப்படலாயிற்று. விவசாயிகளிடமும் நீரிழிவுள்ளோரிடமும் மிகுதியாக அகப்பட்டது. நோய் புதிதாக வந்ததன்று. தேடத் தெரிந்த கண்தான் புதிது. ஆய்வுகூடத் தட்டில் அந்நுண்ணுயிர் வளர்ந்தபோதும், வெளியிலிருந்து வந்து கலந்த அழுக்கென்று அதனைக் கழித்துவிட்ட இடங்கள் உண்டு.

இறந்தவரின் ஜனாஸா வீட்டில் எம் தங்கையின் மகள் இருந்தாள். அவள் அப்போது விஞ்ஞானப் பட்டம் பெற்று, பல்கலைக்கழகமொன்றிற் செய்முறை வகுப்புகளுக்கு உதவியாளராக இருந்தாள். பெண்கள் ஓதிக்கொண்டிருந்த மூலையிலிருந்து எழுந்து வந்து, “மாமா, அந்த இரத்தப் பரிசோதனையை முதல் நாளே செய்திருக்க ஏலாதா?” என்று கேட்டாள். நாம் விடை கூறவில்லை. அவளும் விடையை எம்மிடம் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தோன்றவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து அரச நிதியில் வழங்கப்படும் ஆராய்ச்சிப் பயிற்சிப் புலமைப்பரிசிலொன்று அவளுக்குக் கிடைத்தது. தாய்லாந்து சென்று இதே நோயைக் கற்றுக் கலாநிதிப் பட்டத்துக்கு உழைக்கலாம். தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள உபோன் நகரம் இந்நோய் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது. செவ்டாசிடிம் என்னும் ஊசி மருந்து கடுநோயாளரின் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்று 1989இற் காட்டிய ஆய்வு அங்கே நடந்ததே. ஊசி முடிந்த பின்னும் பல மாதம் மாத்திரை உண்ணல் வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மீளும். இவற்றையெல்லாம் அவள் எமக்கு விளக்கிய மாலையில் அவளுடைய உம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: “பிணை வைக்க யார் இருக்கிறார்கள்?”

கேள்வி சரியானதே. அரசின் பணத்தில் வெளிநாடு செல்வோர் உடன்படிக்கை எழுதுவர்: பயின்ற காலத்தின் இரு மடங்கு தாய்நாட்டிற் பணிபுரிவேன், தவறின் செலவு முழுவதையும் வட்டியுடன் செலுத்துவேன். அதற்கு நிரந்தர அரச உத்தியோகத்திலுள்ள இருவர் பிணை நிற்றல் வேண்டும். சென்றவர் திரும்பாவிடில் அவ்விருவரின் சம்பளத்திலும் பணிக்கொடையிலும் கைவைக்கப்படும். இஃது ஏட்டளவிலான அச்சுறுத்தலன்று. பிணை முறித்தோரிடமிருந்து வரவேண்டிய தொகைகளைப் பற்றிக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் பலமுறை பேசியுள்ளன. கொழும்பிலே பெரிய உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைக்குப் பிணையாளி கிடைப்பது எளிது. தந்தை கரைவலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு? பரீட்சை அவளைத் தடுக்கவில்லை; நேர்முகம் தடுக்கவில்லை; தாளின் அடியில் இருந்த இரண்டு வெற்றுக் கோடுகளே தடுத்தன.

ஒரு கோட்டில் நாம் கையொப்பமிட்டோம். எமக்கு ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மற்றக் கோட்டுக்கு நெருங்கிய உறவினர் மூவரிடம் சென்றோம். மூவரும் தேநீர் தந்தனர். ஒருவர், “பெண்பிள்ளை, தனியே போகிறாள், அங்கேயே நின்றுவிட்டால்?” என்று வெளிப்படையாகவே கேட்டார். அவர்மீது எமக்கு வருத்தமில்லை. அவருக்கு மூன்று குமர்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு நான்கு நாள் இருக்கையிற் கல்லூரித் தோழரை நினைத்தோம்.

அவர் தமிழர், கல்முனைப் பகுதியில் அரச திணைக்களமொன்றிற் பணியாற்றினார். வெள்ளிக்கிழமைகளில் நாம் ஜும்ஆவுக்குச் சென்று திரும்பும் வரை எமது சோற்றுத் தட்டை மூடிவைத்துக் காத்திருந்தவர் அவரே. ஆனால் அது பழங்கதை. 1990ஆம் ஆண்டில் எமது கரையோரத்தில் நிகழ்ந்தவற்றின் பின்னர் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவில் மற்றவர் நடக்க அஞ்சிய காலம் நெடிது. அக்காலத்தில் இரு பக்கத்தும் மண்ணுக்குள் போனவர் உண்டு. அவருடைய வீட்டுக்கு நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்றதில்லை, அவரும் வந்ததில்லை. கேட்கக் கூசியே சென்றோம். அவர் பத்திரத்தை வாங்கித் தொகையைப் பார்த்தார்; பின்னர் நோயின் பெயரைக் கேட்டார். இறந்த விவசாயியின் கதையைச் சொன்னோம். “எங்கள் வயலும் அதே சேறுதானே” என்று கூறிப் பேனையை எடுத்தார். மனைவியாரிடம் கேட்டுவிட்டு நாளை வரட்டுமா என்று நாமே வற்புறுத்தியும் அவர் கேட்கவில்லை. சமாதான நீதவானிடம் இருவருமாகச் சென்று சான்றும் பெற்றோம்.

இப்பிணை முறை பற்றி எமக்கொரு கருத்து உண்டு. அரசு செலவிட்டுக் கற்பித்தவர் நாட்டுக்குக் கடன்பட்டவர் என்பதில் ஐயமில்லை. 1945 முதல் இலவசக் கல்வியால் வளர்ந்த எம்போன்றோர் அதனை மறுத்தல் நன்றி கொல்லுதலாகும். ஆயினும் அக்கடனை எவ்வாறு அடைப்பது என்பதிலே நாடுகள் வேறுபடுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுச் சட்டமே மருத்துவ ஆராய்ச்சிக்கு அரச உதவிப் பணம் வழங்க வழிசெய்தது. 1974இல் வேறொரு சட்டத்தால் இளம் ஆராய்ச்சியாளருக்கான பயிற்சித் திட்டமொன்று நிறுவப்பட்டு, 2002 முதல் ரூத் கேர்ச்ஸ்டீன் என்னும் அம்மையாரின் பெயரால் வழங்குகின்றது. அங்கும் கடன் உண்டு: கலாநிதிப் பட்டம் பெற்ற பின் பயில்வோர் முதலாண்டில் உதவி பெற்ற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்தல் வேண்டும். ஆனால் இரண்டாம் ஆண்டும் பயிற்சியிலேயே தொடர்ந்தால் அவ்வாண்டின் உழைப்பே முதலாண்டுக் கடனை அடைத்துவிடும். உழைப்பை உழைப்பால் அடைத்தல் என்பது இதுவே. மாமனின் ஓய்வூதியம் அங்கே பேசப்படுவதில்லை. செல்வ நாட்டுக்கு இது எளிது என்பர், உண்மையே. திரும்பிச் செல்ல ஆய்வுகூடம் இருக்கும் நாட்டில் எவரையும் கட்டிவைக்க வேண்டியதில்லை. மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றின் பத்திலொரு பங்கையொட்டியே ஆராய்ச்சிக்குச் செலவிடும் எமது நாடு, ஆளைப் பயிற்றிவிட்டு அவர் உட்கார நாற்காலி தேடுகின்றது.

வெளிநாடு சென்றால்தான் ஆராய்ச்சி என்பதும் இல்லை. 1956இற் சென்னையிலே காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி நடத்தின. நெருக்கமான ஏழை வீட்டிலிருந்தே மருந்து உண்ட நோயாளியும், மருத்துவ விடுதியிற் கிடந்து உண்ட நோயாளியும் ஒப்பவே குணமடைந்தனர் என்று 1959இல் அந்நிலையம் உலகுக்குக் காட்டிற்று. அதே இந்தியக் கழகம் 1979 முதல் மருத்துவ மாணவருக்கு இரண்டு மாதக் குறுங்கால ஆய்வுதவி வழங்கி வருகின்றது. பாலமுனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பிள்ளைகளுக்கு அத்தகைய இரண்டு மாதம் கிடைத்து, தம் வயற்சேற்றையே எடுத்துச் சோதிக்க ஒருவர் கற்றுக்கொடுப்பாராயின் எத்துணை நன்றாயிருக்கும்! காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளார் இரசாயனம் கற்பித்தவர் என்பதையே நம்மிற் பலர் மறந்து, யாழ் நூலோடு அவரை நிறுத்திவிட்டோம்.

மருமகள் 2019இற் சென்றாள். தொற்றுக் காலத்தில் ஒன்றரை ஆண்டு ஊர் காணவில்லை. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையில் நாம் இரவெல்லாம் நின்றபோது, வெளிநாடு சென்ற டாக்டர்களும் விரிவுரையாளர்களும் திரும்பாத செய்தியே வரிசையின் பேச்சு. அவளுடைய ஆய்வேடு அவ்வாண்டின் இறுதியில் முடிந்தது. ஐரோப்பாவில் ஓரிடம் அழைப்பதாகவும் எழுதினாள். அழைப்பின் சம்பளத்தை இந்நாட்டு ரூபாயிற் பெருக்கிப் பார்த்தோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், பிணைத் தொகையையும் அதனால் வகுத்துப் பார்த்தோம். சில ஆண்டுகளில் அடைத்துவிடலாம்! தோழரை அழைத்து இதனைச் சொன்னபோது சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பின், “பிள்ளை எங்கே நின்றால் வேலை நடக்குமோ அங்கே நிற்கட்டும். என்னை நினைத்து வரவேண்டாம் என்று சொல்லும்” என்றார். அவர் ஓய்வுபெற அப்போது ஏழு மாதமே இருந்தது. பணிக்கொடையை நம்பி இளைய மகளின் வீடு கூரையின்றி நின்றது. அதை அவர் சொல்லவில்லை. அவர் மனைவியார் சொன்னார்.

அவர் சொன்னதை ஓரெழுத்தும் மாற்றாமல் மருமகளுக்கு எழுதினோம். கூரையைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் எண்ணினோம், எழுதவில்லை.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவள் வந்து சேர்ந்தாள். வந்தவுடன் பதவி காத்திருக்கவில்லை. ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டிருந்தமையால் எட்டு மாதம் வீட்டிலிருந்தாள். அம்மாதங்கள் பிணைக் கணக்கிற் சேருமா சேராதா என்பதற்குக் கடிதத்தின் மேற் கடிதம் எழுதியும் தெளிவான மறுமொழி வரவில்லை. இப்போது பணியில் இருக்கின்றாள். ஆழ்குளிர்ப் பெட்டி பழுதாகிக் கிடப்பதால் மாதிரிகளை இன்னோர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்று வைக்கின்றாள். ஏன் வந்தாய் என்று நாம் இன்னும் கேட்கவில்லை.

சென்ற மாரியில், காய்ச்சலுற்ற வயற்றொழிலாளர் ஒருவரின் இரத்தத்தை முதல் நாளே வளர்ப்பூடகத்தில் இடுமாறு அவள் தனக்கு அறிமுகமான இளம் டாக்டருக்குத் தொலைபேசியிற் கூறினாள். மூன்றாம் நாள் நுண்ணுயிர் அகப்பட்டது, ஊசி தொடங்கினர். மனிதர் பிழைத்து, மாதக் கணக்கில் மாத்திரை உண்டு, இப்போது மீண்டும் வயலில் நிற்கின்றார், முழங்கால் வரை சப்பாத்தணிந்து. அவர் பாலமுனையார் அல்லர், தோழருடைய ஊரார். செய்தியைத் தோழருக்குச் சொல்ல நாம் அழைத்தபோது, அவர் கூரைக்கு ஓடு ஏற்றிக்கொண்டிருப்பதாகவும் மாலையிற் பேசுவதாகவும் கூறி வைத்துவிட்டார்.